பைக் ஷாக் மவுன்ட்டில் மரை போச்சா? அதைச் சரிசெய்ய 1841-லேயே வழி செய்தவர்: யார் இந்த ஜோசப் விட்வொர்த்?

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் பார்த்தால், கம்பெனி கேட்டுகளிலிருந்து பைக்குகள் வரிசையாகக் கிளம்பும். சில பைக் கும்மிடிப்பூண்டி பக்கம், சில ஊத்துக்கோட்டை பக்கம், சில கவரைப்பேட்டை பக்கம். லோடு லாரிகள் ஓடித் தேய்ந்த ரோடு. ஒவ்வொரு பள்ளத்திலும் அடி வாங்குவது பின்பக்க ஷாக் அப்சார்பர்தான்.

அந்த ஷாக்கை பைக்கின் ஃபிரேமோடு பிடித்து வைத்திருப்பது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு போல்ட். அந்த போல்ட்டைப் பிடித்திருப்பது அதன் மேல் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்ட மரை. மரை தேய்ந்தாலோ, நசுங்கினாலோ நட் பிடிக்காது. முதலில் 'டக் டக்' என்று சத்தம் வரும். அப்புறம் ஆட்டம் கொடுக்கும். கவனிக்காமல் விட்டால், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள் ஷாக் கழன்றே போகும்.

இப்படிப்பட்ட மரையை கும்மிடிப்பூண்டியில் ஒரு லேத் பட்டறைக்காரர் சரிசெய்துவிடுகிறார். பைக் செய்த கம்பெனியை அவர் பார்த்ததே இல்லை. அந்த போல்ட்டை வெட்டிய மெஷினும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் கையில் இருக்கும் டேப்பும் டையும் அந்த மரைக்குச் சரியாகப் பொருந்துகின்றன. எப்படி?

அந்தக் கேள்விக்கான பதில், 1803-ல் இங்கிலாந்தில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது. ஐடிஐ-யில் ஃபிட்டர் டிரேடு படித்தவர்களுக்கு 'விட்வொர்த் த்ரெட்' என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஜோசப் விட்வொர்த்.

பருத்தி மில்லிலிருந்து ஓடிய பையன்

1803 டிசம்பர் 21-ம் தேதி, மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் விட்வொர்த் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர், பின்னாளில் பாதிரியார் ஆனவர். அம்மா விட்வொர்த்தின் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு பையன் வெளியூரில் தங்கிப் படித்தான்.

14 வயதில் டெர்பிஷையரில் நூற்பாலை நடத்திய மாமாவிடம் அனுப்பப்பட்டார். தொழிலைக் கற்றுக்கொண்டு மில்லைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டாரின் கணக்கு. பையனுக்கோ நூல் மேல் கவனம் இல்லை, நூற்கும் மெஷின்கள் மேல்தான் கண். அந்த மெஷின்களில் எதுவுமே துல்லியமாக இல்லை என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 18 வயதில் மில்லை விட்டு ஓடி, மான்செஸ்டரில் ஒரு பட்டறையில் சாதாரண மெக்கானிக்காகச் சேர்ந்தார்.

1825-ல் லண்டன் போனார். அங்கே ஹென்றி மாட்ஸ்லேவின் பட்டறையில் வேலை கிடைத்தது. மரை வெட்டும் லேத்தை நம்பகமான மெஷினாக மாற்றியதில் பெரிய பங்கு மாட்ஸ்லேவுக்கு உண்டு. அந்தக் காலத்து இன்ஜினீயர்களுக்கு அவருடைய பட்டறைதான் காலேஜ். பிறகு ஜோசப் கிளமென்ட் என்பவரிடமும் விட்வொர்த் வேலை பார்த்தார். கம்ப்யூட்டரின் முன்னோடி எனச் சொல்லப்படும் சார்லஸ் பாபேஜின் கணக்கு மெஷினுக்குப் பாகங்கள் செய்து கொடுத்தவர் இந்த கிளமென்ட்.

மூன்று தட்டுகள் சொன்ன பாடம்

லண்டன் நாட்களில் விட்வொர்த்தைப் பிடித்துக்கொண்ட பிரச்சினை, கேட்பதற்கு ரொம்பச் சின்னது. முழுக்கச் சமதளமான ஓர் இரும்புத் தட்டைச் செய்வது எப்படி?

அதுவரை இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சமப்படுத்துவார்கள். இதில் ஒரு சிக்கல். ஒரு தட்டு லேசாகக் குழிந்தும், மற்றது அதே அளவுக்கு மேடாகவும் இருந்தால், இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். பார்ப்பவர் சமதளம் என்றே நினைப்பார்.

இதற்குத் தீர்வு மூன்றாவது தட்டு. மூன்று தட்டுகளையும் மாற்றி மாற்றி ஜோடி சேர்த்து, சாயம் தடவி ஒட்டிப் பார்த்து, சாயம் ஒட்டும் மேடுகளை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். எந்த இரண்டைச் சேர்த்தாலும் பொருந்துகிறது என்றால், மூன்றுமே சமதளம்தான். இந்த முறைக்கு மாட்ஸ்லே பட்டறையில் வேர் இருந்தது. தேய்ப்பதை விட்டுச் சுரண்டும் முறையைச் செம்மைப்படுத்தி, 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் கூட்டத்தில் உலகுக்குச் சொன்னவர் விட்வொர்த். ஃபிட்டர் பயிற்சியில் நீலச் சாயம் தடவி ஸ்கிரேப் செய்யச் சொல்லும் பாடம் இதன் தொடர்ச்சிதான்.

சமதளம் கிடைத்ததும் அளவெடுப்பதும் எளிதானது. 1833-ல் மான்செஸ்டர் திரும்பி, சார்ல்டன் தெருவில் சொந்தப் பட்டறை போட்டார். லேத், டிரில்லிங், பிளேனிங் மெஷின் என்று அவர் செய்து விற்றவை நாடு முழுக்கப் பெயர் வாங்கின.

1841-க்கு முன்னால் ஒரு நட் தொலைந்தால்?

அந்தக் காலத்தில் ரயில், நீராவி எஞ்சின், மில் மெஷின் என்று பிரிட்டன் முழுக்கத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஆனால் ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடித்த அளவில் மரை வெட்டியது. ஒரே தடிமன் உள்ள போல்ட்டில் ஒருவர் அங்குலத்துக்கு 10 மரை போடுவார், இன்னொருவர் 12 போடுவார். மரையின் கோணமும் ஆழமும்கூட ஆளுக்கு ஆள் மாறும்.

விளைவு? மெஷினைப் பிரித்தால், எந்த நட் எந்த போல்ட்டில் இருந்தது என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். ஒரு நட் தொலைந்தால், அதைச் செய்த பட்டறைக்கே ஆள் அனுப்ப வேண்டும். ரிப்பேர் என்பதே, செய்தவர் தயவில் நடக்கிற காரியமாக இருந்தது.

இந்த இடத்தில் விட்வொர்த் எடுத்த முடிவுதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவு. நாட்டின் மிகச் சிறந்த மெஷின்களைச் செய்பவர் அவர். தன் பட்டறையின் மரைதான் சிறந்தது, எல்லோரும் இதையே பின்பற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. பெரிய பட்டறைகளிலிருந்தெல்லாம் திருகுகளைச் சேகரித்தார். ஒவ்வொன்றின் தடிமன், மரை எண்ணிக்கை, கோணம், ஆழம் எல்லாவற்றையும் அளந்தார். பிறகு சராசரி எடுத்தார்.

1841-ல் லண்டனில் சிவில் இன்ஜினீயர்கள் சங்கத்தின் முன் அந்தச் சராசரியை ஒரு பொது அளவாக வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. மரையின் உச்சியும் அடியும் கூராக இல்லாமல் உருண்டையாக இருக்க வேண்டும். கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, ஓர் அங்குலத்துக்கு 8 என்று ஒவ்வொரு தடிமனுக்கும் ஓர் எண்.

சராசரி என்பதால் யாருடைய மரையும் முழுக்க ஜெயிக்கவில்லை, யாருடையதும் முழுக்கத் தோற்கவும் இல்லை. எந்தப் பட்டறைக்காரருக்கும் இது போட்டியாளரின் மரை என்று முகம் சுளிக்கக் காரணம் இல்லை. சட்டம் எதுவும் போடாமலே, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பிரிட்டனின் பெரும்பாலான பட்டறைகள் அந்த அளவுக்கு மாறின. தேசிய அளவில் பரவிய முதல் மரைத் தரம் அதுதான்.

போர் வந்தபோது கிடைத்த நிரூபணம்

1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் விட்வொர்த்தின் மெஷின்கள் பரிசுகளை அள்ளின. அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடக் காட்டும் அளவுக்கருவியையும் அவர் அங்கே வைத்தார்.

சில ஆண்டுகளில் கிரிமியப் போர். பிரிட்டிஷ் கடற்படைக்குச் சிறிய பீரங்கிப் படகுகளுக்கான 90 செட் எஞ்சின்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. ஒரே தொழிற்சாலையில் அத்தனையும் செய்து முடிக்க வாய்ப்பே இல்லை. எஞ்சின் தயாரிப்பாளர் ஜான் பென், மாதிரி எஞ்சினைப் பாகம் பாகமாகப் பிரித்து, வெவ்வேறு பட்டறைகளுக்குக் கொடுத்தார். எல்லோரும் விட்வொர்த் அளவிலேயே செய்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத தொழிலாளிகள் செய்த பாகங்கள், ஓரிடத்தில் வந்து ஒன்றோடொன்று பொருந்தின. ஓரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வெண்டார் கம்பெனிகள் அனுப்பும் பாகங்களை வைத்து இன்று வண்டி அசெம்பிள் ஆவதற்குப் பின்னால் இருப்பதும் இதே யோசனைதான்.

துல்லியமான துப்பாக்கி ஏன் தோற்றது?

விட்வொர்த் தொட்டதெல்லாம் துலங்கியது என்று சொல்ல முடியாது. ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்யும் மெஷின்களை வடிவமைக்கச் சொல்லி அரசு அவரைக் கேட்டது. அவரோ, முதலில் நல்ல துப்பாக்கி எது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி, மான்செஸ்டரில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே 500 கெஜ நீளத்துக்குச் சுடும் கூடம் கட்டி ஆராய்ச்சியில் இறங்கினார். கடைசியில், குழலின் உட்புறம் அறுகோண வடிவத்தில் முறுக்கிச் செல்லும் ஒரு ரைஃபிள் பிறந்தது.

1857-ல் நடந்த சோதனையில், ராணுவம் அப்போது வைத்திருந்த என்ஃபீல்டு ரைஃபிளை அது தூரத்திலும் குறியிலும் எளிதாகத் தோற்கடித்தது. கொழுப்பு தடவிய தோட்டாவால் அதே 1857-ல் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்களே, அந்தத் தோட்டா இந்த என்ஃபீல்டு ரைஃபிளுக்கானதுதான். 1860-ல் விம்பிள்டனில் துப்பாக்கிப் போட்டியைத் தொடங்கி வைத்த விக்டோரியா ராணி, 400 கெஜ தூரத்தில் இருந்த குறியை விட்வொர்த் ரைஃபிளால் சுட்டார். குண்டு நடுப்புள்ளிக்கு மிக அருகில் பாய்ந்தது.

ஆனாலும் பிரிட்டிஷ் ராணுவம் அதை வாங்கவில்லை. விலை அதிகம். குழல் சின்னது, அதனால் சீக்கிரம் கரி அடைத்துக்கொள்ளும். சாதாரணச் சிப்பாய் சேற்றிலும் மழையிலும் வைத்துச் சமாளிக்கக்கூடிய பொருளாக அது இல்லை. ரைஃபிளில் தன் மனசுக்குத் தோன்றிய உச்சத்தைத் தேடினார், அது ராணுவத்துக்கு ஒத்துவரவில்லை. மரையில் ஊருக்கெல்லாம் பொதுவானதைத் தேடினார், அது உலகம் முழுக்கப் போனது.

என்ஃபீல்டு வழியாக மெட்ராஸுக்கு

இங்கே கதை நம்ம ஊர்ப் பக்கம் திரும்புகிறது. விட்வொர்த்தின் ரைஃபிள் தோற்கடித்த துப்பாக்கி, லண்டனுக்கு அருகே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலையின் படைப்பு. பின்னாளில் அந்தத் தொழிற்சாலைக்குத் துல்லியமான பாகங்கள் செய்து கொடுத்த ரெடிச் நகர கம்பெனி ஒன்று, அந்தத் தொடர்பை வைத்தே தன் சைக்கிள்களுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தது. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் புல்லட் தயாராக ஆரம்பித்தது.

பிரிட்டிஷ் டிசைனோடு பிரிட்டிஷ் அங்குல அளவு மரைகளும் வந்தன. பழைய புல்லட் மெக்கானிக்குகளிடம் தனியாக ஒரு ஸ்பேனர் செட் இருப்பது இதனால்தான். விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் அளவு நட்டின் அகலம் இல்லை, போல்ட்டின் தடிமன். தெரியாதவர் எடுத்தால் நிச்சயம் குழம்புவார்.

அதற்கு முன்பே ரயில் வந்திருந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. பிரிட்டனில் செய்த எஞ்சின்களும் மெஷின்களும் இறங்கிய துறைமுகங்களில் எல்லாம் பிரிட்டிஷ் மரையும் சேர்ந்தே இறங்கியது.

அவருடைய பாடத்தாலேயே அவருக்கு வந்த தோல்வி

1864-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்ற இன்ஜினீயர் வேறொரு மரையை முன்வைத்தார். 55 டிகிரிக்குப் பதில் 60. உருண்டையான உச்சிக்குப் பதில் தட்டையான உச்சி. அவர் சொன்ன காரணம் எளிமையானது. 60 டிகிரி என்பது சமபக்க முக்கோணம், எந்தத் தொழிலாளியும் அதற்கான கருவியைத் தீட்டவும் சரிபார்க்கவும் முடியும். உருண்டை உச்சியைச் சரியாக வெட்டுவது சாதாரணப் பட்டறைக்குச் சிரமம்.

எல்லோராலும் செய்ய முடிவதுதான் நல்ல தரம் என்ற விட்வொர்த்தின் வாதமே, இப்போது அவருடைய மரைக்கு எதிராகத் திரும்பியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போல்ட்டும் அமெரிக்க நட்டும் பொருந்தாமல் பட்ட பாடு பெரும்பாடு. 1948-ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 டிகிரிக்கு ஒப்புக்கொண்டன. இன்றைய மெட்ரிக் மரையும் 60 டிகிரிதான். இந்தியாவும் 1956 சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக மெட்ரிக்குக்கு மாறியது.

இதையெல்லாம் பார்க்க விட்வொர்த் இல்லை. 1868-ல் இளம் இன்ஜினீயர்களுக்காக ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 ஸ்காலர்ஷிப்களை அறிவித்தார். பட்டறையில் கையும் ஓட வேண்டும், படிப்பும் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த உதவித்தொகை இன்றும் தொடர்கிறது. 1869-ல் அவருக்கு பாரோனெட் பட்டம் கிடைத்தது. 1887 ஜனவரி 22-ம் தேதி மான்டி கார்லோவில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. சொத்தின் பெரும்பகுதி மான்செஸ்டர் மக்களுக்கான கல்விக்கும் மருத்துவத்துக்கும் கலைக்கும் போனது.

இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறார்

பைக்கிலிருந்து விட்வொர்த் மரை போய்விட்டாலும் வீட்டை விட்டுப் போகவில்லை. பிளம்பர் டேப் சுற்றி மாட்டும் அரை அங்குலக் குழாய் மரை, இன்றும் அதே 55 டிகிரி விட்வொர்த் வடிவம்தான். ரீல்ஸ் எடுக்க போன் ஹோல்டரை ட்ரைபாடில் மாட்டுகிறீர்களே, அந்தத் திருகு கால் அங்குலத்தில் 20 மரை. 1841-ல் அவர் எழுதி வைத்த அதே கணக்கு.

சரி, ஷாக் மவுன்ட்டுக்கு என்ன செய்யலாம்?

* எந்த மரை என்று பாருங்கள்: கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மி.மீ. எம்8 போல்ட் 8 மி.மீ. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மரை இடைவெளி வேறு. மெட்ரிக்கிலேயே எம்10-ல் 1.25 இடைவெளியும் உண்டு, 1.5-ம் உண்டு. 20 சீப்புப் பற்கள் மாதிரி இருக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

* ரெண்டு சுற்றுக்கு மேல் இறுகினால் நிறுத்துங்கள்: சரியான நட் கையாலேயே பாதி தூரம் ஏறும். தவறான நட் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு அடம்பிடிக்கும். அப்போது ஸ்பேனரில் பைப் மாட்டித் திருகினால், நல்ல மரையும் சேர்ந்து போகும். மவுன்ட் மரைகள் பல சமயம் கெடுவது இப்படித்தான்.

* நசுங்கியிருந்தால்: இரும்பு குறையாமல் மரை மட்டும் மடங்கியிருந்தால், அதே அளவு டையை எண்ணெய் விட்டு ஓட்டினால் போதும். உள்மரை என்றால் டேப்.

* உள்மரை முழுக்கப் போயிருந்தால்: துளையைப் பெரிதாக்கி, ஸ்டீல் கம்பிச் சுருள் இன்சர்ட்டை உட்கார வைத்தால் பழைய அளவு போல்ட்டே பொருந்தும். வெளிமரை உள்ள ஸ்டட்டுக்கு இந்த வழி கிடையாது.

* ஃபிரேமோடு சேர்ந்த ஸ்டட் தேய்ந்திருந்தால்: அதன் மேல் வெல்டிங் வைத்து அவசரமாக மரை வெட்டுவது ஆபத்து. சூட்டில் ஃபிரேம் குழாயின் பலமே குறையலாம். ஃபிரேம் வேலை தெரிந்த இடத்தில் ஸ்டட்டையே மாற்றுவதுதான் சரி. நட்டில் முதல் சில மரைகள்தான் பெரும்பாலான சுமையைத் தாங்குகின்றன. எனவே பாதி மரை இருக்கிறதே, போதும் என்று ஓட்டுவது தப்புக் கணக்கு.

* மாட்டும்போது: மேனுவலில் சொன்ன டார்க் அளவில் இறுக்குங்கள். சில நாள் ஓட்டிய பிறகு ஒருமுறை செக் செய்யுங்கள்.

நம்ம ஊரில் ஒருவர் ஏடாகூடமாக நடந்தால் மரை கழன்றுவிட்டது என்பார்கள். பைக்கில் அது கழன்றால் சிரிப்பு வராது. நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் கிளம்பும் முன், பின்னால் குனிந்து அந்த ரெண்டு நட்டையும் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். ஆடினால் அப்படியே ஓட்ட வேண்டாம். பக்கத்து லேத் பட்டறையில் அதற்கான டேப் நிச்சயம் இருக்கும்.